லுபிடெல்: பெரிய நெகட்டிவ் தரும் எளிய சோவியத் கேமரா

லுபிடெல் கேமராவைக் கையில் வாங்கியதும் பலரும் முதலில் தேடுவது, கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரத்தைத்தான். வழக்கமான இடத்தில் அது இருக்காது. முன்பக்கம் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ், மேலே ஒரு மடக்கு மூடி, பக்கவாட்டில் பிலிமைச் சுற்ற ஒரு திருகு, பின்பக்கம் சிவப்புக் கண்ணாடி வைத்த சின்ன ஜன்னல். கேமரா மொத்தமும் ஏறக்குறைய இவ்வளவுதான். பேட்டரி கிடையாது. வெளிச்சம் அளக்கும் கருவி கிடையாது. ஆனால் இந்தப் பெட்டியிலிருந்து வெளிவரும் நெகட்டிவ் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஆறு சென்டிமீட்டர் சதுரம். வழக்கமான 35 மி.மீ. பிலிம் கேமரா எத்தனை விலை உயர்ந்ததாக இருந்தாலும் இந்த அளவு நெகட்டிவைத் தராது.

மீடியம் பார்மட் என்றால் என்ன, கேமரா என்பது உள்ளே என்னதான் செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடைப்பது கஷ்டம் என்பது என் எண்ணம். மற்ற கேமராக்கள் சத்தமில்லாமல் செய்து முடித்துவிடும் ஒவ்வொரு வேலையையும் லுபிடெல் நம் கையில் கொடுத்துவிடுகிறது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள தொடர்பு கண்ணுக்குத் தெரிகிறது. அந்தத் தொடர்பைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் பிலிம்

கேமராவைவிட முன்னால் புரிந்துகொள்ள வேண்டியது 120 பிலிமை. 1901-ல் கோடக் நிறுவனம் தன் பிரவுனி வரிசையில் வந்த ஒரு பெட்டிக் கேமராவுக்காக இதைக் கொண்டுவந்தது. இன்றும் அதே அகலத்தில், அதே ஏற்பாட்டில் தயாராகிறது. சுமார் 6 சென்டிமீட்டர் அகலப் பிலிம், அதன் முதுகில் கறுப்புக் காகிதம், இரண்டும் சேர்த்து ஒரு உருளையில் சுற்றியிருக்கும். 35 மி.மீ. ரோலுக்கு இருப்பதுபோல உலோக டப்பா இதற்கு இல்லை. வெளிச்சம் உள்ளே போகாமல் காப்பது அந்தக் காகிதம் மட்டும்தான். காகிதத்தின் பின்புறம் எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். அவை எதற்கு என்பது பிறகு வரும்.

120 நம் ஊருக்குப் புதிதல்ல. ஊட்டியில் 1960-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம் தயாரித்தது. உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில், கல்யாணத்துக்கு ஸ்டுடியோக்காரர் எடுத்த படங்களோடு உள்ளங்கை நடுவில் அடங்கும் சதுர நெகட்டிவ் ஏதாவது கிடந்தால், அது பெரும்பாலும் 120 பிலிம்தான்.

மீடியம் பார்மட் என்பது இந்த அகலத்தில் எடுக்கும் படங்களுக்கான பொதுப்பெயர். பிலிமின் அகலம் மாறாது, படத்தின் நீளம் மட்டும் கேமராவுக்குக் கேமரா மாறும். 6×4.5, 6×6, 6×9 என்று சொல்வார்கள். லுபிடெல் 6×6. உண்மையில் அளந்தால் 56 மி.மீ. சதுரம் இருக்கும். ஒரு ரோலில் 12 படம்.

அளவு பெரிதானால் என்ன லாபம்? இங்கேதான் நிதானமாகக் கணக்குப் போட வேண்டும். 20 சென்டிமீட்டர் சதுரமாக ஒரு பிரிண்ட் போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 35 மி.மீ. நெகட்டிவின் அளவு 24×36 மி.மீ. அதிலிருந்து சதுரம் வெட்டினால் 24 மி.மீ. பக்கம்தான் மிஞ்சும். அதை எட்டு மடங்குக்கு மேல் பெரிதாக்கினால்தான் 20 சென்டிமீட்டர் வரும். லுபிடெல் நெகட்டிவை மூன்றரை மடங்கு பெரிதாக்கினால் போதும். பெரிதாக்கும்போது படம் மட்டும் பெரிதாவதில்லை. லென்ஸின் குறை, பிலிமின் துகள், கை நடுங்கிய தடம், கீறல், தூசி எல்லாமே கூடவே பெரிதாகின்றன. எட்டு மடங்கு பெரிதான குறை பளிச்சென்று தெரியும். மூன்றரை மடங்கு பெரிதான அதே குறை கண்ணில் படாமலே போகலாம். விலை மலிவான லென்ஸை வைத்துக்கொண்டு நல்ல படம் எடுக்க முடியும் என்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு, இது அந்தக் காலத்துக்கே உரியது. நெகட்டிவைப் பெரிதாக்க என்லார்ஜர் என்ற கருவி வேண்டும். அது இல்லாதவர்கள் நெகட்டிவை அப்படியே போட்டோ காகிதத்தின் மேல் வைத்து, விளக்கைப் போட்டு அணைத்து, நெகட்டிவின் அளவிலேயே பிரிண்ட் எடுப்பார்கள். 35 மி.மீ. படத்தை அப்படி எடுத்தால் தபால் தலை மாதிரி இருக்கும், முகம் அடையாளம் தெரியாது. ஆறு சென்டிமீட்டர் சதுரம் என்றால் ஆல்பத்தில் ஒட்டி வைத்துப் பார்க்கலாம். வசதியில்லாத வீட்டில்கூடப் படம் எடுத்து, கழுவி, பிரிண்ட் போட முடிந்தது என்றால் அதில் பெரிய நெகட்டிவுக்குப் பங்கு இருக்கிறது.

லெனின்கிராடில் பிறந்தது

இரண்டு லென்ஸ் கேமராவுக்கு இன்று நாம் அறிந்த வடிவம் கொடுத்தது 1929-ல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரிலிருந்து வந்த ரோலைஃப்ளெக்ஸ். அருமையான கேமரா, விலையும் அதற்கேற்ப. அதன் பிறகு 1932-ல் ஃபோக்ட்லேண்டர் நிறுவனம் பிரில்லியண்ட் என்று ஒரு மலிவுக் கேமராவை இறக்கியது. பார்க்க ரோலைஃப்ளெக்ஸ் போல இருக்கும். ஆனால் மேல் லென்ஸ் படத்தின் எல்லையைக் காட்டுவதற்கு மட்டும்தான், ஃபோகஸ் பார்க்க உதவாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லெனின்கிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) இருந்த கோம்ஸ் என்ற அரசு ஒளியியல் தொழிற்சாலை, அந்தப் பிரில்லியண்டை ஒட்டி 1946-ல் கொம்சொமோலெத்ஸ் என்ற கேமராவைச் செய்தது. அதைத் திருத்தி 1949-ல் வந்ததுதான் முதல் லுபிடெல். பெரிய திருத்தம் என்னவென்றால், இரண்டு லென்ஸ்களின் வளையங்களிலும் பற்களை வெட்டி ஒன்றோடொன்று கோத்துவிட்டார்கள். ஒன்றைத் திருப்பினால் மற்றதும் திரும்பும். இதனால் மேலே பார்த்து ஃபோகஸ் செய்தால் கீழேயும் ஃபோகஸ் ஆகிவிடும். அந்தப் போரில் ஜெர்மன் படையின் கொடுமையான முற்றுகையிலிருந்து 1944 ஜனவரியில் விடுபட்ட நகரம் அது. ஐந்து ஆண்டு கழித்துச் சாதாரண மக்களுக்காக ஒரு போட்டோ கேமரா அங்கிருந்து வந்ததை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது.

1955-ல் லுபிடெல் 2 வந்தது. பேக்கலைட் என்ற பழைய வகைக் கெட்டி பிளாஸ்டிக் உடம்பு, ஏறக்குறைய கால் நூற்றாண்டு உற்பத்தி. இன்று சந்தையில் அதிகம் கிடைப்பவற்றில் இதுவும் ஒன்று. 1960-களில் அந்தத் தொழிற்சாலையின் பெயர் லோமோ ஆனது. 1970-களின் பிற்பகுதியில் லுபிடெல் 166, அடுத்து 166பி, 1980-களில் 166 யுனிவர்சல் என்று வரிசை நீண்டது. 166பி-யின் கடைசி எழுத்து ரஷ்ய எழுத்து, அதை 'வி' என்று வாசிக்க வேண்டும். விற்பவர்கள் இரண்டு விதமாகவும் எழுதுவார்கள், தேடும்போது நினைவில் வையுங்கள். யுனிவர்சலில் மட்டும் உள்ளே ஒரு சட்டத்தைப் பொருத்தி 6×4.5 அளவில் 16 படம் எடுக்கலாம்.

இதே காலத்தில் சோவியத் நாட்டில் வேறு மீடியம் பார்மட் கேமராக்களும் வந்தன. மாஸ்கோ அருகே கிராஸ்னகோர்ஸ்கில் மடக்கு வகையான மாஸ்க்வா; கீவ் நகரின் அர்சனால் ஆலையில், ஸ்வீடனின் ஹாசல்பிளாடைப் பின்பற்றிய சல்யூத், அதன் வழியில் வந்த கீவ் 88. கீவ் 88 பார்க்க ஆசையைத் தூண்டும், லென்ஸ்களும் நல்லவை. ஆனால் முதல் கேமராவாக அதை வாங்காதீர்கள். உள்ளே நுணுக்கமான பாகங்கள் அதிகம், பழுதானால் சரிசெய்யத் தெரிந்த ஆள் கிடைப்பது அரிது. லுபிடெலில் பழுதாவதற்கே அதிகம் ஒன்றும் இல்லை.

இரண்டு லென்ஸ் எதற்கு

கீழ் லென்ஸ் படம் எடுக்க, மேல் லென்ஸ் நாம் பார்க்க. மேல் லென்ஸின் பின்னால் 45 பாகை சாய்வில் ஒரு நிலையான கண்ணாடி இருக்கிறது. உள்ளே வரும் ஒளியை அது மேலே திருப்பிவிடுகிறது. நாம் மூடியைத் திறந்து, கேமராவை வயிற்றருகே பிடித்து, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தால் காட்சி தெரியும்.

காட்சி நேராகத்தான் நிற்கும், ஆனால் இடம் வலமாக, வலம் இடமாக மாறியிருக்கும். ஒரே ஒரு கண்ணாடி மட்டும் இருப்பதன் விளைவு அது. இடப்பக்கம் போகிற ஆளைத் தொடர நினைத்துக் கேமராவைத் திருப்பினால் ஆள் சட்டத்தை விட்டே போய்விடுவார். பழக வேண்டியதுதான், வேறு வழியில்லை. ஓடுகிற குழந்தை, பறவை போன்றவற்றுக்கு இந்தக் கேமரா ஒத்துவராது. இடுப்பு உயரத்திலிருந்து எடுப்பதால் கிடைக்கும் கோணம் அழகானது. குழந்தைகளின் முகம் நேராக வரும், பெரியவர்கள் கொஞ்சம் கம்பீரமாக நிற்பார்கள். நீங்கள் அவர்களை உற்றுப் பார்க்காமல் தலை குனிந்து நிற்பதால் படம் எடுக்கப்படுகிறவருக்கும் கூச்சம் குறைகிறது.

பிலிமுக்கு முன்னால் கண்ணாடி மேலும் கீழும் அசையும் வேலை இதில் இல்லை. ஒரே லென்ஸ் வழியாகப் பார்த்து எடுக்கும் எஸ்எல்ஆர் கேமராவில் அது அசைவதால்தான் அதிர்வும் சத்தமும், எடுக்கும் கணத்தில் காட்சி மறைவதும். லுபிடெலில், வெளிச்சத்தைக் குறித்த நேரம் மட்டும் உள்ளே விடும் ஷட்டர் கீழ் லென்ஸுக்குள்ளேயே, சின்ன உலோகத் தகடுகள் திறந்து மூடும் இலை வகையாக இருக்கிறது. சன்னமாக ஒரு 'டிக்'. அவ்வளவுதான்.

இரண்டு லென்ஸால் வரும் சங்கடமும் ஒன்று உண்டு. மேல் லென்ஸ் பார்ப்பதும் கீழ் லென்ஸ் பார்ப்பதும் சில சென்டிமீட்டர் வித்தியாசப்படும். மலையையோ கோபுரத்தையோ எடுக்கும்போது இது ஒரு பொருட்டே இல்லை. முகத்தை நெருங்கி எடுக்கும்போது தலைமுடி வெட்டுப்பட்டுப் போகும். நெருங்கினால் மேலே கொஞ்சம் கூடுதல் இடம் விட்டுச் சட்டம் போடுங்கள். லுபிடெலால் நெருங்க முடிந்த தூரமே சுமார் 1.4 மீட்டர்தான் என்பதால் பெரிய தொல்லை வராது.

இனி வருவது லுபிடெலுக்கே உரிய விஷயம், பலரும் ஏமாறும் இடம். ரோலைஃப்ளெக்ஸில் பார்வைக் கண்ணாடி முழுக்க மங்கலாக அரைத்திருக்கும். எங்கே ஃபோகஸ் இருக்கிறது என்பது பரப்பு முழுவதும் தெரியும். லுபிடெலில் பார்வைக் கண்ணாடி தெளிவானது, நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும்தான் அரைத்தது. அதனால் காட்சி மிக வெளிச்சமாக, எப்போதும் கூர்மையாகத் தெரியும். அந்தக் கூர்மையை நம்பக் கூடாது. ஃபோகஸ் தெரிவது நடுவட்டத்தில் மட்டும். மூடிக்குள் மடங்கியிருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டு, கண்ணை அதன் அருகே கொண்டுபோய், அந்த வட்டத்துக்குள் மட்டும் பார்த்து வளையத்தைத் திருப்ப வேண்டும். மாலை வெளிச்சத்தில் அதுவும் சிரமம். அப்போது வட்டத்தை மறந்துவிட்டு, தூரத்தை மனதால் கணித்து, லென்ஸ் வளையத்தில் எழுதியிருக்கும் மீட்டர் எண்ணில் வைத்துவிடலாம். உண்மையில் பகலிலும் இது நல்ல முறை. அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, எஃப் 11-ல் வைத்து (எஃப் எண் கூடக் கூடத் திறப்பு சிறிதாகும்), தூரத்தை 10 மீட்டரில் நிறுத்தினால், ஏறத்தாழ 5 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை எல்லாமே போதிய கூர்மையோடு வரும். தெருக்காட்சிக்கும் நிலக்காட்சிக்கும் வளையத்தைத் தொடவே வேண்டியதில்லை.

மூன்று கண்ணாடி லென்ஸ்

படம் எடுக்கும் லென்ஸின் பெயர் டி-22. குவியத்தூரம் (லென்ஸுக்கும், தொலைவுக் காட்சி கூர்மையாக விழும் இடத்துக்கும் உள்ள தூரம்) 75 மி.மீ., அதிகபட்சத் திறப்பு எஃப் 4.5. உள்ளே மூன்றே கண்ணாடி. இந்த மூன்று கண்ணாடி ஏற்பாட்டை இங்கிலாந்தில் டென்னிஸ் டெய்லர் 1893-ல் வடிவமைத்தார். குறைந்த கண்ணாடியில் லென்ஸின் முக்கியமான குறைகளை எல்லாம் ஓரளவு சரிக்கட்டிவிடும் புத்திசாலித்தனமான வடிவம். மலிவுக் கேமராக்களுக்கு நூறாண்டாகச் சோறு போட்டது இதுதான் என்று சொல்லலாம்.

அதை முழுதாகத் திறந்தால் நடுப்பகுதி நன்றாக இருக்கும், ஓரங்கள் குழைந்துவிடும், மூலைகளில் இருட்டும் சேரும். எஃப் 8, எஃப் 11 வரை மூடினால் ஓரங்களும் தேறிவிடும். இரண்டையும் தெரிந்து பயன்படுத்த வேண்டும். ஒருவரின் முகத்தை எடுக்கும்போது ஓரக்குழைவு பார்வையை நடுவுக்குக் கொண்டுபோகும், அது எனக்குப் பிடிக்கும். கோயில் மண்டபமோ கட்டடமோ என்றால் மூடித்தான் எடுக்க வேண்டும். சூரியனை நோக்கித் திருப்பினால் படம் வெளிறிப் போகும். லென்ஸ் பூச்சு அந்தக் காலத்து ஒற்றைப் பூச்சு, உடம்பின் உட்புறத்திலும் வெளிச்சம் பட்டுத் தெறிக்கும். உள்ளங்கையால் லென்ஸுக்கு நிழல் கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

எஃப் 4.5 என்பது சின்னத் திறப்பு என்று 35 மி.மீ. பழக்கத்தில் தோன்றும். பெரிய நெகட்டிவில் கணக்கு வேறு. ஒரே பரப்பளவுக் காட்சியைப் பெரிய நெகட்டிவில் கொண்டுவர நீளமான குவியத்தூரம் தேவைப்படுகிறது. குவியத்தூரம் நீள நீள, கூர்மையாக வரும் ஆழம் குறைகிறது. இங்கே எஃப் 4.5 தரும் பின்னணி மங்கல், 35 மி.மீ. கேமராவில் சுமார் எஃப் 2.5 தருவதற்குச் சமம். ஒன்றரை மீட்டரில் ஒருவரை முழுத் திறப்பில் எடுத்தால் கூர்மையாக வரும் ஆழம் மொத்தமே ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். மீடியம் பார்மட் படங்களில் ஆள் பின்னணியிலிருந்து பிரிந்து நிற்பதாகச் சொல்கிறார்களே, அதன் பெரும்பகுதி இந்தக் கணக்குதான்.

வெளிச்சத்தைக் கணிப்பது

ஷட்டர் வேகம் நொடியில் 15-ல் ஒரு பங்கிலிருந்து 250-ல் ஒரு பங்கு வரை. கூடவே, விரலை எடுக்கும்வரை திறந்தே இருக்கும் 'பி'. பழைய லுபிடெல் 2-களில் எண்கள் 1/10, 1/25, 1/50, 1/100, 1/200 என்று கொஞ்சம் மாறியிருக்கும். பக்கத்து எண்ணை எடுத்துக்கொண்டால் போதும்.

மீட்டர் இல்லாமல் எப்படி? பழைய விதி ஒன்று இருக்கிறது. நல்ல வெயிலில் அபெர்ச்சர் எஃப் 16, ஷட்டர் வேகம் பிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்குப் பக்கத்தில். பிலிம் எவ்வளவு குறைந்த வெளிச்சத்திலும் படத்தைப் பதியும் என்று சொல்வது இந்த எண். ஐஎஸ்ஓ 100 பிலிம் என்றால் 1/125. மெல்லிய மேகம் வந்தால் எஃப் 11, நன்றாக மூடினால் எஃப் 8, மழை இருட்டு என்றால் எஃப் 5.6. திறந்த வெளியில் நிழலில் நிற்பவரை எடுக்க லென்ஸை முழுதாகத் திறந்துவிடுங்கள். கறுப்பு வெள்ளை பிலிம் வெளிச்சம் ஒரு படி (அதாவது இரு மடங்கு அல்லது பாதி) கூடக்குறைய இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும், குறிப்பாக வெளிச்சம் கூடினால். சந்தேகம் வந்தால் கொஞ்சம் அதிகமாகவே கொடுங்கள். போனில் லைட் மீட்டர் செயலி போட்டுக்கொள்வதிலும் தப்பில்லை. ஆனால் முதலில் மனதுக்குள் ஒரு விடை சொல்லிவிட்டு அப்புறம் செயலியைப் பாருங்கள். சீக்கிரமே கண் பழகிவிடும்.

பிலிம் தேர்வில் லுபிடெலுக்கு ஒரு வரம்பு உண்டு. உச்ச வேகம் 1/250 என்பதால், உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 400 பிலிமுக்கு எஃப் 22 வரை மூட வேண்டியிருக்கும். அதற்கு மேல் போக இடமில்லை. அந்தக் காலச் சோவியத் பிலிமோ வேகம் குறைந்தது. ஷோஸ்ட்கா நகரின் ஸ்வேமா, கசான் நகரின் தாஸ்மா ஆலைகளின் தயாரிப்புகளில் 32, 65, 130, 250 என்று கோஸ்ட் என்ற சோவியத் அரசுத் தரத்தில் எண்கள் இருக்கும். கேமராவும் அதற்கேற்பத்தான் அமைந்தது. நம் வெயிலுக்கு ஃபோமாபான் 100, இல்போர்ட் எஃப்பி4 போன்றவை சரியாகப் பொருந்தும். ஐஎஸ்ஓ 100-ல் நல்ல வெயிலுக்கு 1/250, எஃப் 11 வரும். லென்ஸ் சிறப்பாக வேலை செய்யும் இடமும் அதுதான். மழைக்காலத்துக்கு ஐஎஸ்ஓ 400 எடுத்துக்கொள்ளலாம்.

ரோல் போட்டு எடுப்பது

பின்கதவைத் திறந்தால் மேலும் கீழும் இரண்டு உருளை இடங்கள். காலி உருளை மேலே, புது ரோல் கீழே. ஒட்டுக்காகிதத்தைக் கிழித்து, கறுப்புப் பக்கம் லென்ஸை நோக்கி இருக்கும்படி காகித முனையை மேலே இழுத்து, காலி உருளையின் பிளவில் செருகி, இரண்டு சுற்றுச் சுற்றிக் கதவை மூடுங்கள். நிழலில் செய்ய வேண்டும். ரோல் தளர விடக் கூடாது, தளர்ந்தால் ஓரம் வழியாக வெளிச்சம் புகும்.

இப்போது சிவப்பு ஜன்னல். அதன் மூடியை நகர்த்திவிட்டு மெதுவாகத் திருகைச் சுற்றினால் காகித முதுகின் எழுத்துகள் நகர்வது தெரியும். புள்ளிகள் வரும், பிறகு 1 வரும். நிறுத்துங்கள், ஜன்னலை மூடுங்கள். இதுதான் முதல் படத்துக்கான இடம். அன்றைய பழைய பிலிம்கள் பலவற்றுக்குச் சிவப்பு ஒளி தெரியாது, அதனால் சிவப்புக் கண்ணாடி வைத்தார்கள். இன்றைய பிலிம் சிவப்பையும் பார்க்கும். காகிதம் காப்பாற்றும் என்றாலும், வெயிலில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நடப்பது ஆபத்து. முதல் லுபிடெல் 166 மட்டும் இதில் விதிவிலக்கு: அதில் எண்ணிக்கையைக் கேமராவே பார்த்துக்கொள்ளும்.

எடுக்கும் வரிசை இது: பிலிமைச் சுற்று, வேகமும் அபெர்ச்சரும் வை, ஃபோகஸ் செய், லென்ஸ் பக்கத்து நெம்புகோலைத் தள்ளி ஷட்டரை ஏற்று (அதன் ஸ்பிரிங்கை முடுக்கு), அடுத்த நெம்புகோலை அழுத்து. ஷட்டரை ஏற்றுவதும் பிலிமைச் சுற்றுவதும் தனித்தனி வேலைகள். சுற்ற மறந்து மறுபடி ஏற்றினால் கேமரா தடுக்காது, ஒரே இடத்தில் இரண்டு படம் விழும். வேண்டுமென்றே அப்படி எடுப்பவர்களும் இருக்கிறார்கள், அழகாகவும் வரும். வேண்டாதவர்கள் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: எடுத்த உடனே அடுத்த எண்ணுக்குச் சுற்றிவிடுவது. அழுத்தும் நெம்புகோல் கொஞ்சம் கடினமானது, கேமராவை ஆட்டிவிடும். கழுத்துப் பட்டையைக் கீழ்நோக்கி இறுக இழுத்துப் பிடித்து, மூச்சை நிறுத்தி, 1/125-க்குக் குறையாமல் எடுங்கள். ட்ரைபாட் இருந்தால் கேமராவைத் தொடாமல் ஷட்டரை இயக்கும் கேபிள் ரிலீஸ் கம்பியை மாட்டிக்கொள்ளலாம்.

பன்னிரண்டாவது படம் முடிந்ததும் 35 மி.மீ. போலப் பின்னுக்குச் சுற்றத் தேவையில்லை. முன்னோக்கியே சுற்றிக்கொண்டு போனால் காகிதம் முழுக்க மேல் உருளைக்கு வந்துவிடும். நிழலில் திறந்து, இறுக்கிப் பிடித்து, நுனிப் பட்டையை நனைத்து ஒட்டிவிடுங்கள். காலியான கீழ் உருளையைத் தூக்கி எறியாதீர்கள். அடுத்த ரோலுக்கு மேலே போட அதுதான் வேண்டும்.

வாங்கும்போது

ஷட்டரை எல்லா வேகத்திலும் இயக்கிப் பாருங்கள். 1/15-க்கும் 1/250-க்கும் காதில் வித்தியாசம் தெரிய வேண்டும். இலைகள் பாதியில் நின்றால் எண்ணெய்ப் பிசுக்கு. தானே எடுக்கும் டைமர் இருந்தால் அதைத் தொடாமல் விடுவது நல்லது, பழைய ஷட்டர்கள் அங்கேதான் சிக்கிக்கொள்கின்றன. ஃபோகஸ் வளையம் இறுகியிருப்பது சகஜம், பழைய கிரீஸ் காய்ந்திருக்கும். வலுக்கட்டாயமாகத் திருப்பாதீர்கள். பழைய கிரீஸைத் துடைத்துப் புதிது வைத்தால் சரியாகிவிடும்.

முக்கியமான சோதனை வேறு. முன்னால் வைத்திருந்தவர் லென்ஸைக் கழற்றிச் சுத்தம் செய்திருந்தால், திரும்ப மாட்டும்போது பற்கள் தவறிக் கோத்திருக்க வாய்ப்பு அதிகம். மேலே கூர்மையாகத் தெரியும், பிலிமில் மங்கலாக விழும். லுபிடெல் கூர்மையே இல்லாத கேமரா என்று அது வாங்கிய கெட்ட பெயருக்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சோதிப்பது சுலபம். பிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்து, பிலிம் ஓடும் தண்டவாளங்களின் மேல் பட்டர் பேப்பரைத் தளர்வில்லாமல் ஒட்டுங்கள். ஷட்டரை 'பி'-யில் திறந்து பிடித்து, லென்ஸை முழுதாகத் திறந்து, தூரத்து செல்போன் கோபுரம் ஒன்றைப் பாருங்கள். தூர வளையம் முடிவிலிக் குறியில் இருக்கும்போது பட்டர் பேப்பரில் கோபுரம் கூர்மையாக விழ வேண்டும், அதே நேரம் மேல் வட்டத்திலும் கூர்மையாக இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துவந்தால் நல்ல கேமரா. ஒத்துவராவிட்டால் பல் வளையத்தின் குட்டித் திருகாணிகளைத் தளர்த்திச் சரிசெய்யலாம், கைவேலை தெரிந்த எவருக்கும் ஒரு மாலை நேர வேலை.

புதிதாகவே வேண்டும் என்றால், வியன்னாவின் லோமோகிராபி நிறுவனம் 2008-ல் லுபிடெல் 166+ என்று மறுபடி செய்து விற்றது. அதில் 35 மி.மீ. பிலிமும் போடலாம். என் விருப்பம் பழையதுதான். நன்றாகச் சோதித்து வாங்கிய பழைய லுபிடெல் 2 அதே அளவு படத்தைக் குறைந்த விலையில் தரும்.

முதல் ரோலைப் படிப்பது

ரோலைக் கழுவி வாங்கும்போது ஸ்கேன் மட்டும் போதும் என்று சொல்லிவிடாதீர்கள், நெகட்டிவையும் கேட்டு வாங்குங்கள். எங்கே சரி, எங்கே தப்பு என்பது அதில்தான் எழுதியிருக்கும். நெகட்டிவில் வெளிச்சம் பட்ட இடம் கறுப்பாக இருக்கும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

படத்துக்கு வெளியே, பிலிமின் ஓரத்திலேயே கறுப்புப் புகை போலப் பரவியிருந்தால் ரோல் தளர்ந்து ஓரம் வழியாக வெளிச்சம் நுழைந்திருக்கிறது. படத்தின் நடுப்பகுதியில் வட்டமாகக் கறுப்பு விழுந்திருந்தால் சிவப்பு ஜன்னலைச் சந்தேகப்படுங்கள், அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டி, சுற்றும்போது மட்டும் எடுக்கலாம். ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் கீற்று வந்தால் பின்கதவு சரியாக மூடவில்லை. எல்லாப் படமும் ஒரே மாதிரி அடர்ந்து கறுத்திருந்தால் ஷட்டர் மெதுவாக ஓடுகிறது; அடுத்த ரோலில் ஒரு படி மூடி எடுத்துப் பாருங்கள். நிழலான இடங்களில் பிலிம் வெறும் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தால் அங்கே வெளிச்சம் போதவில்லை. படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் எண்ணைச் சரியாக நடுவில் நிறுத்தாமல் சுற்றியிருக்கிறீர்கள்.

கூர்மைக்கு ஒரு பூதக்கண்ணாடி வேண்டும். எடுத்த பொருள் மங்கலாக இருந்து, அதற்கு முன்னாலோ பின்னாலோ வேறு எதுவோ கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறு. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. இரண்டும் இல்லாமல் நடு மட்டும் கூர்மையாக, ஓரங்கள் குழைந்திருந்தால் கேமராவில் ஒரு குறையும் இல்லை. அடுத்த ரோலில் எஃப் 8 அல்லது எஃப் 11-க்கு மூடி, அதே காட்சியை இன்னொரு முறை எடுங்கள்.